'அழகாக இருந்தது' இல்லாமல் ஒரு பத்தி: வருணனை எழுதப் பழக்குவது எப்படி?

#1 சுண்ணக்கட்டி

எட்டாம் வகுப்புக் கட்டுரை. தலைப்பு 'எங்கள் ஊர்ச் சந்தை'. தாளுக்குத் தாள் வருவது இதுதான்:

"எங்கள் ஊரில் வாரந்தோறும் சந்தை நடைபெறும். அங்குப் பல வகையான காய்கறிகள் இருக்கும். மக்கள் கூட்டம் அதிகமாகக் காணப்படும். வியாபாரிகள் சத்தம் போட்டு விற்பனை செய்வார்கள். பார்ப்பதற்கு மிகவும் அழகாக இருக்கும். அது ஒரு கண்கொள்ளாக் காட்சி ஆகும்."

பிழை என்று சுழிக்க ஒன்றுமில்லை. ஆனால் இது எந்த ஊர்ச் சந்தை என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது. "ஐம்புலனையும் பயன்படுத்து" என்று சொன்னால் "கண்ணால் காய்களைக் கண்டேன், காதால் சத்தத்தைக் கேட்டேன், மூக்கால் மணத்தை நுகர்ந்தேன்" என்று புலனுக்கு ஒரு வரி வந்து விழுகிறது. நல்ல வினைச்சொற்களைப் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டினால் அடுத்த வாரம் எல்லாத் தாளிலும் மக்கள் 'அலைமோதுகிறார்கள்'.

40 நிமிடப் பாடவேளைக்குள் அடங்கும் பயிற்சிகள் வேண்டும். எங்கே தொடங்குவது?

#2 மைக்கூடு

சுவரில் ஒட்டிய பட்டியலைக் கொஞ்ச நாளைக்குக் கழற்றி வையுங்கள். முதல் வகுப்புக்கு ஒரு சிவப்புப் பென்சில் போதும்.

தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். இது நமக்குப் பெரிய வசதி. முற்றுப்புள்ளிக்கு முந்தைய சொல்லை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள். உங்கள் பத்தியில் வட்டம் விழுபவை: நடைபெறும், இருக்கும், காணப்படும், செய்வார்கள், இருக்கும், ஆகும். இந்த ஆறையும் அப்படியே பெயர்த்து 'எங்கள் பள்ளி' கட்டுரையில் ஒட்டினாலும் ஒட்டும். வட்டமிட்ட சொற்களை மட்டும் உரக்கப் படிக்க வைத்தால் வகுப்பே சிரித்துவிடும். அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படாது.

அடுத்து, ஒரே ஒரு சொல்லை மாற்றும் பயிற்சி: 'இருந்தது'. இங்கே பலரும் "எப்படி இருந்தது?" என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு 'அழகாக', 'நன்றாக', 'பெரிதாக' என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியது "எந்த நிலையில்?" என்பது. கிடந்ததா, நின்றதா, சாய்ந்ததா, தொங்கியதா, குவிந்ததா, கவிழ்ந்ததா, பிதுங்கியதா, சரிந்ததா?

சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையில் காய்களின் பெயரை மட்டும் எழுதி, ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கும் என்று கேளுங்கள். தக்காளி குவிந்திருக்கும். வெங்காயம் சாக்கின் வாயிலிருந்து சரியும். முருங்கைக்காய் கூடைக்குள் அடங்காமல் நீட்டிக்கொண்டிருக்கும். கீரைக்கட்டு ஈரச்சாக்குக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும். சேனைக்கிழங்கு மண் அப்பிய உடம்போடு உருண்டு கிடக்கும். 'அழகான' என்று ஒரு சொல்லும் எழுதாமல் ஒரு கடை கண்முன் வந்துவிடுகிறது. பெயரடையைத் தடை செய்யவும் வேண்டியதில்லை. அது தானாகவே தேவையற்றுப் போகிறது.

ஒரு நுட்பம் மட்டும் சொல்லிக்கொடுங்கள். 'கிட' என்பதில் கவனிப்பாரற்ற நிலை சேர்ந்தே வரும். "மேசையில் கடிதம் இருந்தது" என்றால் தகவல். "மேசையில் கடிதம் கிடந்தது" என்றால் யாரோ எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு மாணவர் இந்த வேறுபாட்டைக் காதால் ஏற்கெனவே அறிவார். அறிந்ததை அவருக்கே சுட்டிக்காட்டுகிறோம், அவ்வளவுதான்.

#3 ஒற்றுப்பிழை

#2 சரி. ஆனால் 'இருந்தது'வை விடப் பெரிய எதிரி 'படு'. காணப்பட்டது, விற்கப்பட்டது, நடத்தப்பட்டது, அலங்கரிக்கப்பட்டது. செய்தவர் யார் என்பது வாக்கியத்திலிருந்தே மறைந்துவிடுகிறது. செய்தவர் இல்லாத இடத்தில் எந்தச் செயலும் கண்ணுக்குத் தெரியாது. 'பட்டது' என்று முடியும் வாக்கியத்தின் ஓரத்தில் 'யார்?' என்று மட்டும் எழுதுங்கள். "தெரு தோரணங்களால் அலங்கரிக்கப்பட்டிருந்தது" என்ற வாக்கியத்துக்கு 'யார்?' என்று கேட்டால் "இரண்டு பேர் ஏணி மேல் நின்று மாவிலைத் தோரணத்தை இழுத்துக் கட்டினார்கள்" என்று வரும்.

இரண்டாவது, பெயரோடு 'செய்' சேர்ப்பது. விற்பனை செய்தார், பயணம் செய்தார், உதவி செய்தார். 'விற்றார்' என்று சுருக்கினால் மட்டும் போதாது. விற்பது என்பது ஒரே செயல் இல்லையே? கூவுகிறார், தராசைத் தூக்குகிறார், ஒரு காயை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுகிறார், பையின் வாயைப் பிரிக்கிறார், கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலையைச் செருகுகிறார். இதில் கடைசி இரண்டை மட்டும் எழுதினாலே விற்றாயிற்று.

மூன்றாவது, மரபு. வலுவான வினை என்று தேடிப்போய்ப் பொருந்தாத வினையைப் போட்டுவிடுவார்கள். காகம் கரையும், குயில் கூவும், மயில் அகவும், ஆந்தை அலறும், யானை பிளிறும், குதிரை கனைக்கும். பானை வனைவார்கள், கூடை முடைவார்கள், சுவர் எழுப்புவார்கள், தயிர் கடைவார்கள். ஒரு மதிப்பெண் கேள்விக்காக இவற்றை மனப்பாடம் செய்துவிட்டு, கட்டுரைப் பக்கம் வந்ததும் "குயவர் பானை செய்தார்" என்று எழுதுவதுதான் வேடிக்கை. மரபுச்சொல் பாடமும் வருணனைப் பாடமும் ஒன்றுதான் என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

#4 பனங்கிழங்கு

நான் துணிப்பைப் பயிற்சிக்கு ஓட்டுப் போடுறேன். கைக்குத்தான் முதல்ல வேலை குடுக்கணும். கண்ணுக்கு ஏற்கெனவே வேலை ஜாஸ்தி.

வேண்டியது: உள்ளே என்ன இருக்குன்னு தெரியாத ஏழு துணிப்பைகள். ஒவ்வொண்ணுலயும் ஒரு பொருள். புளி உருண்டை, கல் உப்பு, தேங்காய் நார், சுக்கு, உப்புத்தாள் துண்டு, எவர்சில்வர் கரண்டி, கோழி இறகு. முப்பத்தஞ்சு பேருன்னா அஞ்சு பேரா ஏழு குழு.

நேரக் கணக்கு: விதி சொல்ல 3 நிமிஷம். பை ஒண்ணுக்கு 2 நிமிஷம்னு சுத்த விட்டா 14. எழுத 10. படிச்சுக் காட்ட 10. மிச்சம் 3 நிமிஷம் கை கழுவ. புளி இருக்கே, அதை மறந்துடாதீங்க.

விதி ஒண்ணே ஒண்ணு. பொருளோட பேரும் எழுதக்கூடாது, 'மென்மையான', 'கடினமான' மாதிரி அடையும் எழுதக்கூடாது. அந்தப் பொருள் விரலை என்ன செய்யுதுன்னு மட்டும் எழுதணும். ஒட்டுது, வழுக்குது, குத்துது, நெருடுது, உறுத்துது, கூசுது, உதிருது, பிசுபிசுக்குது, சுரண்டுது. பக்கத்துக் குழு அந்த வினைகளை மட்டும் கேட்டுப் பொருளைக் கண்டுபிடிக்கணும்.

என்ன தப்பாகும்னா, மூணே விநாடியில "புளி!"ன்னு கண்டுபிடிச்சிட்டு அதோட கையை எடுத்துடுவாங்க. பேரு தெரிஞ்சதும் கவனிப்பு நின்னுடும். அதனால கண்டுபிடிச்சா மதிப்பெண் கிடையாது, எதிர்க்குழுவைக் கண்டுபிடிக்க வெச்சாத்தான் மதிப்பெண்ணு முதல்லயே சொல்லிடுங்க.

கரண்டியைக் கட்டாயம் வைங்க. எல்லாரும் 'சில்லுனு இருக்கு'ன்னு எழுதுவாங்க. உண்மையில அதுவும் பக்கத்துல இருக்கற தேங்காய் நாரும் ஒரே வெப்பநிலைதான். உலோகம் விரல்ல இருந்து சூட்டைச் சீக்கிரம் இழுத்துக்குது, அதான் சில்லுனு தோணுது. இதைச் சொல்லிட்டு மறுபடி எழுதச் சொன்னா 'விரல் சூட்டை உறிஞ்சுது'ன்னு ஒருத்தராவது எழுதுவாங்க. 'சில்லென்று இருந்தது'க்கும் இதுக்கும் எவ்வளவு தூரம் பாருங்க.

வேர்க்கடலை வேண்டாம், சிலருக்கு ஒத்துக்காது. கற்பூரமும் வேண்டாம், விரல்ல ஒட்டி வாய்க்குப் போனா நஞ்சு.

#5 வடலி

யாழ்ப்பாணத்திலிருந்து. மணத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை, ஆகவே நான்.

பிள்ளைகள் மணத்தை எழுதும்போது 'நறுமணம் வீசியது', 'துர்நாற்றம் வீசியது' என்ற இரண்டோடு நின்றுவிடுவார்கள். மணத்துக்கென்று வினைகள் குறைவு என்பது உண்மைதான். கமழும், வீசும், மணக்கும், நாறும். ஆனால் பெயர்ச்சொற்கள் குறைவில்லை: வாசம், வாடை, நெடி, வீச்சம், கவிச்சி, மக்கல், ஊசல், கருகல், காரல். எது எதற்கு என்று வகுப்பிலே பிரித்துப் பாருங்கள். மிளகாய் வறுத்தால் நெடி. பச்சை மீனுக்குக் கவிச்சி. மழைக்காலத்தில் பூட்டிக்கிடந்த பெட்டியைத் திறந்தால் மக்கல். முதல்நாள் குழம்பு கெட்டால் ஊசல்.

வினை குறைவு என்றபடியால் மணத்தைக் கொண்டு வேறு வேலை செய்விக்க வேண்டும். அது உடம்பை என்ன செய்கிறது? மூக்கில் ஏறும், தொண்டையைக் கமறச் செய்யும், கண்ணைக் கரிக்கும், வயிற்றைக் குமட்டும், வாயில் நீர் ஊற வைக்கும், சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். "மீன் சந்தையில் நாற்றம் வீசியது" என்பதை விட "சந்தையை விட்டு வந்த பிறகும் கைலேஞ்சியில் (கைக்குட்டையில்) மீன் வெடுக்கு விடவில்லை" என்பது எங்கட பிள்ளைக்குப் பழக்கமான வசனம்.

இன்னொன்று, மணத்துக்கு நேரம் உண்டு. விடியற்காலைச் சந்தையில் ஈரக்கீரையும் மண்ணும் மணக்கும். மத்தியானம் காலில் மிதிபட்ட கோவா (முட்டைக்கோஸ்) இலை புளிக்கத் தொடங்கும். ஒரே இடத்தை இரண்டு நேரத்தில் எழுதச் சொன்னால் பார்வையை விட மணம்தான் கூட மாறியிருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

சொற்பொருளும் இடத்துக்கு இடம் மாறும். பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். இன்றைக்கு "பூ நாறுகிறது" என்று எழுதினால் வட்டம்தான். எங்கட பக்கம் 'மணக்குது' என்பதைக் கெட்ட வாடைக்கும் சொல்வோம். தமிழகப் பிள்ளை அதை வாசித்தால் குழம்பும்.

#6 கித்தாமரம்

மலேசியாவில் இருந்து எழுதுகிறேன். எங்களுக்குச் 'செய்யுளும் மொழியணியும்' என்று பாடத்திட்டத்திலேயே ஒரு பகுதி உண்டு. இரட்டைக்கிளவி, இணைமொழி, உவமைத்தொடர், மரபுத்தொடர் எல்லாம் ஆண்டுவாரியாக வரும். நல்ல விஷயம்தான். ஆனால் மாணவர் அவற்றைச் சேமித்து வைத்துக் கட்டுரையில் கொட்டிவிடுகிறார். "தகதகவெனச் சூரியன் மின்ன, சலசலவென ஓடை ஓட, கலகலவெனச் சிறுவர் சிரிக்க, கமகமவென மலர் மணக்க" என்று ஒரே வாக்கியத்தில் நான்கு. சுண்ணக்கட்டி சொன்ன 'அலைமோதினர்' நோயின் இன்னொரு வடிவம் இது.

மாற்றுப் பயிற்சி ஒன்று சொல்கிறேன்: சொல்லைக் கொடுத்துப் பொருளைக் கேட்பதற்குப் பதில், ஒலியைக் கொடுத்துச் சொல்லைக் கேளுங்கள். மேசைக்குப் பின்னால் ஆசிரியர் ஒவ்வொரு பொருளாகக் கீழே போடுவார். மாணவருக்குத் தெரியாது. ரப்பர் செருப்பு, பிழிந்த ஈரத்துணி, சாவிக்கொத்து, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, தடித்த நோட்டுப் புத்தகம், வெண்கலக் கிண்ணம். ஒவ்வொன்றுக்கும் 'என்று' சேர்த்து ஒரு சொல் எழுதணும். பொத்தென்று, சொத்தென்று, சலங்கென்று, கலகலவென்று, தொப்பென்று, ணங்கென்று. விடை ஒன்றுதான் என்று இல்லை. ஈரத்துணிக்குச் 'சொத்' என்று ஒருவரும் 'சளக்' என்று இன்னொருவரும் எழுதினால், இரண்டாவது முறை போட்டுக் காட்டி எது நெருக்கம் என்று வாதாட விடுங்கள். அந்த வாதம்தான் பாடம்.

#7 ஒற்றுப்பிழை

#6இன் கடைசி வரிக்கு வணக்கம். ஆனால் இரட்டைக்கிளவியை நோய் என்று சொல்லாதீர்கள். தமிழில் ஒலியையும் தொடுகையையும் எழுத இதைவிடக் கூரான கருவி இல்லை. பயன்படுத்தத் தெரியாததுதான் கோளாறு.

இரண்டு குறிப்பு. முதலாவது, அதை 'என்று' போட்டு ஒட்டாமல் வினையாகவே ஆக்கலாம். "இலைகள் சலசலவென்று ஒலித்தன" என்பதில் 'ஒலித்தன' வெட்டிச்சுமை. "இலைகள் சலசலத்தன." முடிந்தது. படபடத்தது, சரசரத்தது, பிசுபிசுத்தது, முணுமுணுத்தது, குறுகுறுத்தது எல்லாம் இப்படி வந்தவையே. பத்திக்கு ஒன்று போதும், அதுவும் வினையாக.

இரண்டாவது, மெய்யெழுத்தைக் கேட்கச் சொல்லுங்கள். ல, ள வந்தால் விடாமல் தொடரும் ஒலி: சலசல, கலகல, சளசள. ட வந்தால் மோதல்: தடதட, படபட, லொடலொட. ர, ற வந்தால் உராய்வு: சரசர, கரகர, நறநற, சொரசொர. ங, ண வந்தால் உலோகம்: ணங், கணகண, கிணுகிணு. இது இலக்கண விதி அல்ல, விதிவிலக்கு நிறைய உண்டு. ஆனாலும் புதிய ஒலிக்குச் சொல் தேடும் மாணவருக்கு இது ஒரு பிடி.

ஐம்புலன் என்றதும் நினைவுக்கு வருகிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவால் வகுக்கும்போது வைக்கும் வரிசை: உடம்பால் உணர்வது, நாக்கு, மூக்கு, கண், செவி, கடைசியாக மனம். தொடுகை முதல், கண் நான்காவது. மாணவர் எழுதுவது இதற்கு நேர்மாறு. கண்ணில் தொடங்கிக் கண்ணிலேயே முடிக்கிறார். பத்தியின் முதல் வாக்கியம் தொடுகையில் தொடங்க வேண்டும் என்று ஒரே ஒரு நாள் கட்டளை போட்டுப் பாருங்கள். "செருப்புக்கடியில் வெங்காயச் சருகு நொறுங்கியது." சந்தைக்குள் நுழைந்தாயிற்று.

#8 சுண்ணக்கட்டி

நொறுங்கிய சருகை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு கேள்வி.

ஒன்று, ஒரு பத்தியில் ஐந்து புலனும் வர வேண்டுமா? பல பயிற்சித்தாள்களில் ஐந்து கட்டம் போட்டு நிரப்பச் சொல்கிறார்கள்.

இரண்டு, 'நடந்தான்' என்பதற்குப் பதில் 'விரைந்தான்', 'பார்த்தான்' என்பதற்குப் பதில் 'நோக்கினான்', 'சொன்னான்' என்பதற்குப் பதில் 'உரைத்தான்' என்று மாற்றுகிறார்கள். இதை முன்னேற்றம் என்று சொல்லலாமா?

#9 மைக்கூடு

இரண்டாவதற்கு முதலில் பதில்: இல்லை. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். நோக்கினான், உரைத்தான் எல்லாம் வலுவான வினைகள் அல்ல, வயதான வினைகள். 'பார்த்தான்' சொல்லாத எதை 'நோக்கினான்' இன்றைய வாசகருக்குச் சொல்கிறது? முறைத்தான், வெறித்தான், எட்டிப் பார்த்தான், நோட்டம் விட்டான், ஓரக்கண்ணால் அளந்தான், கண்ணைச் சுருக்கினான். இவை ஒவ்வொன்றும் கழுத்து, இமை, மனநிலை மூன்றையும் வேறு வேறாகக் காட்டுகின்றன. சோதனை எளிது: அந்த வினையை வகுப்பில் ஒருவர் நடித்துக் காட்ட முடிய வேண்டும். 'நோக்கினான்' என்பதை நடிக்கச் சொன்னால் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார்.

இதற்கு அட்டைப் பயிற்சி உண்டு. பலகையில் ஒரே வாக்கியம்: "ஒருவர் சந்தைக்குள் வந்தார்." ஆறு அட்டைகள், ஆறு ஆள்: கொடுத்த கடனைக் கேட்க வந்தவர், கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்ட தாய், மூட்டை தூக்குபவர், முழங்கால் வலிக்காரர், பணப்பை திருடுபவர், மழைக்கு ஒதுங்கியவர். அட்டையில் இருப்பதைச் சொல்லாமல் 'வந்தார்' என்ற இடத்தை மட்டும் விரித்து எழுத வேண்டும். மூட்டைக்காரர் "கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, வழி வழி என்றபடி, ஓட்டமும் நடையுமாக" வருவார். மழைக்காரர் "வாசலிலேயே நின்று தலையை உதறிவிட்டு, எதையும் விலை கேட்காமல் கூரை ஓரமாகவே நகர்ந்தார்". திருடனை எழுதுவது கடினம். 'பதுங்கி வந்தான்' என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். சந்தையில் பதுங்குபவன் மாட்டிக்கொள்வான் என்று சொல்லி மறுபடி எழுத வையுங்கள். "எல்லோரும் காயைப் பார்க்க, அவன் பைகளைப் பார்த்தான்" போல ஒன்று வரும்போது அங்கே வலுவான வினையே இல்லை என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். வெறும் 'பார்'தான். இடம் சரியாக அமைந்தால் சாதாரண வினையே போதும்.

முதல் கேள்வி: ஐந்தும் வேண்டாம். கட்டம் போட்டு நிரப்பினால் சுவைக்கு எதுவும் கிடைக்காமல் மாணவர் பச்சைக் கத்தரிக்காயை வாயில் போட்டுவிடுவார். பத்திக்கு இரண்டு புலன், மிஞ்சினால் மூன்று. பார்வை எப்படியும் வரும், எனவே மற்ற நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை நன்றாகச் செய்வதே வேலை.

#10 வடலி

மைக்கூடு சொன்னதோடு இதையும் சேருங்கோ: 'கண்டேன், கேட்டேன், உணர்ந்தேன், நுகர்ந்தேன்' நாலையும் வெட்டினாலே பாதி வருணனை உயிர் பெறும். "ஐஸ்கட்டி உடைபடும் சத்தத்தைக் கேட்டேன்" என்பதில் கேட்டவரை எடுத்துவிடுங்கள். "மீன் பெட்டியில் ஐஸ்கட்டி நொறுங்கியது." நாங்களே கேட்கிறோம்.

விதிவிலக்கு ஒன்று இருக்கு. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத இடத்தில் 'கேட்டது' தேவை. "பின்னால் யாரோ செருமுவது கேட்டது" என்ற வசனத்தில் அந்தச் சொல்லை வெட்டினால் பயமும் போய்விடும்.

#11 பனங்கிழங்கு

பேச்சு வழக்கு வினைகளை அனுமதிங்கய்யா! வெடுக்குனு பிடுங்கினான், பொசுக்குனு போச்சு, விருட்டுனு எழுந்தான், நசநசன்னு தூறுச்சு. பசங்க வாயில இருக்கறது பூரா இதுதான். கட்டுரைன்னதும் இதையெல்லாம் வாசல்லயே கழட்டி வெச்சுட்டு வர்றாங்க.

சமையல்கட்டைச் சொல்லணும். வினைச்சொல்லுக்கு அதைவிடப் பெரிய கிடங்கு கிடையாது. 'வெட்டு' ஒண்ணுக்கே நறுக்கு, அரி, சீவு, துருவு, கீறு, வகிர், கிள்ளு, ஆய். 'வேக வை'ன்னு சொல்ற இடத்துல அவி, வதக்கு, வறு, பொரி, தாளி, சுண்ட விடு, கொதிக்க விடு. வீட்ல ஒரு வேளைச் சமையலைப் பாத்து வினையை மட்டும் எழுதிட்டு வான்னு சொன்னா இருபது கூட வரும். அடுத்த நாள் அந்த வினைகளைச் சமையலுக்கு வெளியில உபயோகிக்கச் சொல்லணும். வெயில் வறுக்குது, கூட்டம் பிசையுது, பஸ் ஆளுங்களைத் துப்புது (இது சமையல் இல்லதான், சாப்பிட்டதுக்கு அப்புறம்), பேச்சு சுண்டிப்போச்சு.

#12 ஒற்றுப்பிழை

வெடுக்கென்று, பொசுக்கென்று, விருட்டென்று என்று எழுத்து வடிவத்துக்குக் கொண்டுவந்தால் எந்தத் திருத்துநரும் தடுக்க மாட்டார். 'னு' மட்டும்தான் சிக்கல்.

"வெயில் வறுக்குது" வகைக்கு ஓர் ஆதரவு. உவமை நான்கு வழியில் தோன்றும் என்கிறது தொல்காப்பியத்தின் உவமவியல்: வினை, பயன், மெய், உரு. வினைதான் முதலில் நிற்கிறது. நம் மாணவர் எழுதும் உவமை எல்லாம் கடைசி இரண்டு. நிலா போன்ற முகம், பவளம் போன்ற இதழ், வடிவமும் நிறமும். "தராசு முள் மாதிரி இரண்டு பக்கமும் ஆடிவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்" என்பது வினையுவமை. 'எது போல இருந்தது?' என்று கேட்காமல் 'எது செய்வது போலச் செய்தது?' என்று கேட்டால் போதும், தேய்ந்த நிலாக்கள் வராது.

#13 கித்தாமரம்

ஓர் எச்சரிக்கை. இரண்டு வாரம் இப்படிப் பழக்கினால் மூன்றாம் வாரம் இது வரும்: "கதவு அலறித் திறக்க, காற்று சீறிப் பாய, விளக்கு துடிதுடித்து அணைய, அவன் இதயம் வெடித்துச் சிதற, தண்ணீர் குடித்தான்." தண்ணீர் குடிக்கத்தான் போனான், பாவம்! எல்லா வினையும் கத்தினால் எதுவும் கேட்காது.

எச்சங்களை அடுக்குவதால்தான் இது பெரும்பாலும் வருகிறது என்பதால் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு வினையெச்சம் என்று எல்லை வையுங்கள். மூன்றாவது வந்தால் வாக்கியத்தை உடைக்கணும். இன்னும் ஒன்று: பத்தியில் எது முக்கியமான கணமோ அங்கே ஒரு கூரான வினை, மற்ற இடங்களில் வந்தான், எடுத்தான், கொடுத்தான் போதும். உரையாடலுக்குப் பின்னால் 'என்றான்' மாதிரி கண்ணில் படாத சொல் வேறு இல்லை. அதை 'கர்ஜித்தான்' ஆக்க வேண்டாம்.

#14 சுண்ணக்கட்டி

தேர்வு? பத்தாம் வகுப்புக்குப் போனதும் முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்று 8 மதிப்பெண்ணுக்கு அடைத்துவிடுகிறார்கள். "காட்சியைக் கண்டு கவினுற எழுதுக" என்று 5 மதிப்பெண் வேறு. பழக்கியதெல்லாம் அங்கே செல்லுபடியாகுமா?

#15 மைக்கூடு

8 மதிப்பெண் கட்டுரையில் சட்டகத்தோடு சண்டை போடாதீர்கள். திருத்துபவர் உட்தலைப்பைத் தேடுவார். அவருக்கு அது கிடைக்கட்டும். நடுவில் ஒரே ஓர் உட்தலைப்பின் கீழ் ஐந்தாறு வாக்கியம் மட்டும் இப்படி எழுதினால் போதும். பொருட்காட்சிக் கட்டுரை என்றால் 'அரங்குகள்' பகுதியில் விவரத்தைக் கொடுத்துவிட்டு, 'பொழுதுபோக்கு' பகுதியில் அப்பளக் கடையை எழுதலாம்.

படக் கேள்விக்கு ஓர் உத்தி. படம் அசையாது, அதனால் "மரம் உள்ளது, சிறுமி உள்ளாள், பறவை உள்ளது" என்று பட்டியல் வருகிறது. படத்துக்கு ஒரு விநாடி முன்னால் என்ன நடந்தது, ஒரு விநாடி பின்னால் என்ன நடக்கும் என்று இரண்டு கேள்வி கேட்கப் பழக்குங்கள். கையில் குடத்தோடு சிறுமி நிற்கும் படம் என்றால், முந்தைய விநாடியில் குடம் ததும்பியிருக்கும், அடுத்த விநாடியில் இடுப்பை வளைத்துப் பாரத்தை மாற்றுவாள். அதற்குள் வினைகள் தாமாக வந்துவிடும். கவிதை நடையில் ஆறு வரி எழுதுபவருக்கும் இது உதவும்.

திருத்தும் முறை பற்றியும் சொல்லிவிடுகிறேன், அங்கேதான் ஆசிரியர் களைத்துப்போகிறார். 'வருணனை போதாது' என்று எழுதுவதில் பயனில்லை. தாளுக்கு ஒரே ஒரு வாக்கியத்தைத் தேர்ந்து, ஓரத்தில் மூன்றில் ஒரு கேள்வி: 'எந்த நிலையில்?', 'யார்?', 'என்ன செய்தது?'. மாணவர் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றிக் காட்ட வேண்டும். தாளுக்கு இரண்டு நிமிடம், 35 தாளுக்கு 70 நிமிடம்.

சந்தைப் பத்தியின் ஒரே ஒரு வாக்கியத்தை இப்படி மூன்று சுற்றில் திருத்திக் காட்டுகிறேன்.

வந்தது: "வியாபாரிகள் சத்தம் போட்டு விற்பனை செய்வார்கள்."

'யார்?' என்று கேட்டபின்: "கத்தரிக்காய் விற்கும் கிழவி சத்தம் போட்டு விற்பாள்."

'என்ன செய்தது?' என்று தராசைப் பற்றிக் கேட்டபின்: "கிழவி தராசைத் தூக்கினாள். கல் வைத்த தட்டு கீழே இடித்தது. ஒரு கத்தரிக்காயைப் போட்டாள், முள் நடுங்கியது. இன்னொன்றைப் போட்டாள்."

'எந்த நிலையில்?' கேட்டபின் கடைசி வாக்கியம்: "மூன்றாவதாக ஒரு சொத்தைக்காயை உள்ளங்கையில் மறைத்துப் போட்டுவிட்டு, முள் நடுவுக்கு வரும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்."

சத்தம் போனதே என்று கேட்கலாம். போகட்டும். ஆள் வந்துவிட்டாள்.

#16 வடலி

ஒரு சொல். வகுப்பில் பார்வைக் குறைபாடோ கேள்விக் குறைபாடோ உள்ள பிள்ளை இருந்தால், துணிப்பையோ ஒலிப் பயிற்சியோ தொடங்க முதல் யோசித்துக்கொள்ளுங்கோ. பார்வையில்லாப் பிள்ளைக்குத் துணிப்பையில் மற்றவர்களை விட நிறையச் சொல்ல இருக்கும், அவரை முதலில் வாசிக்க விடலாம். கேட்காத பிள்ளைக்கு மேசையில் கை வைத்து அதிர்வை எழுதச் சொல்லலாம். செருப்பு விழுவதும் கிண்ணம் விழுவதும் பலகையில் வேறு வேறாக அதிரும்.

#17 சுண்ணக்கட்டி

அருமை. திட்டம் இது: திங்கள் சிவப்புப் பென்சில், புதன் துணிப்பை, வெள்ளி ஒலிப் பயிற்சி. அடுத்த வாரம் அட்டை ஆறு. சமையல்கட்டு வார இறுதி வீட்டுப்பாடம். அதற்குப் பிறகுதான் சந்தையை மறுபடி எழுத விடுவேன்.

ஒரு சின்னச் சந்தேகம். வெண்கலக் கிண்ணத்துக்கு எங்கே போவது? எவர்சில்வர் டம்ளர் போதுமா?

#18 கித்தாமரம்

போதும். ஆனால் 'ணங்' வராது. 'டங்' என்று விழுந்து, 'கடகட'வென்று உருளும். இரண்டு சொல்லாக எழுதச் சொல்லுங்கள்.